கெண்டைக்கால் நோவும் காலிறுதி ஆட்டமும்: காய்ச்சலில் ஓய்வா, ஓட்டமா? ஒரு நிகழ்வு ஆய்வு

மாரி மழை தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்குக் குறைவிருக்காது. பெரும்பாலானவை வந்த வழியே போய்விடும். எழுதிவைக்க ஒன்றும் மிஞ்சாது. இந்த ஒன்றை எழுதக் காரணம், இதில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை என்பதே. காய்ச்சல் கண்ட இளைஞரும் அவருடைய பயிற்றுநரும் 'இன்று ஓடலாமா, படுக்க வேண்டுமா' என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டார்கள். 'நோய்க்குறி கழுத்துக்கு மேலே என்றால் ஓடலாம், கீழே என்றால் ஓய்வு' என்ற விதியை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். உலகமெங்கும் விளையாட்டு வீரர்கள் நம்பும் விதி அது. ஆனால் அது பிறந்த ஊர் வேறு, அது பிறந்த நோயும் வேறு. அதே வீட்டில், அதே மாரியில், அவருடைய அம்மம்மாவுக்கு நடந்தது இதே கேள்வியின் மறுபக்கம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். குடும்பத்தாருக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வடமராட்சியைச் சேர்ந்தவர், 23 வயது, கழக அணியில் நடுக்கள உதைபந்தாட்ட வீரர். புகைப்பழக்கம் இல்லை, முன்பு பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. பகலில் கட்டடப்பொருள் கடையில் வேலை, மாலையில் மைதானம், நேரம் கிடைத்தால் மாமாவின் வயல்.

நவம்பர் கடைசியில் அடித்த மழையில் காலபோக வயல்கள் மூழ்கிக் கிடந்தன. மாமாவோடு சேர்ந்து மண்வெட்டியால் வரம்பை வெட்டி, வெள்ளத்தை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார். முழங்கால் அளவு தண்ணீர், வெறுங்கால். போதாக்குறைக்கு இரண்டு குதிக்காலிலும் புதுச் சப்பாத்து வெட்டிய புண். இந்த விவரத்தை அவர் தானாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகும், "அது பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முந்திய கதை, டொக்டர்" என்று ஒதுக்கிவிட்டார். இந்த நிகழ்வின் திறவுகோல் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலிருந்து புண் வழியே தொற்றும் எலிக்காய்ச்சல் கிருமி, உடம்புக்குள் புகுந்து காய்ச்சலாக வெளிப்படப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் எடுக்கும். அதற்குள் வெள்ளம் வடிந்துவிடும், புண் ஆறிவிடும், வயலில் இறங்கியதே மறந்துவிடும்.

ஐந்து நாட்கள்

முதல் நாள் மாலை கடையில் நிற்கும்போதே குளிர் நடுங்கியது. தலையிடி. வீட்டுக்கு வந்து இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுத்தார். தாயார் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தார். இதுவரை எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இரண்டாம் நாள் காலையில் மறுபடி காய்ச்சல். மருந்து போட்டதும் வியர்த்து இறங்கியது. தாயார் எழும்ப வேண்டாம் என்றார். ஆனால் நாளை மறுநாள் காலிறுதி ஆட்டம். பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்தார். பயிற்றுநர் பொறுப்பில்லாதவர் அல்லர். கேட்க வேண்டியவற்றைக் கேட்டார். "இருமல் இருக்கிறதா தம்பி? நெஞ்சில் சளி? வயிற்றோட்டம்?" எதுவும் இல்லை. "தலையிடி மட்டும்தான், சேர். காய்ச்சலும் விட்டுவிட்டது." அப்படியானால் எல்லாம் கழுத்துக்கு மேலேதான், வந்து மெதுவாக ஓடிப் பார், உடம்பு இடம் கொடுத்தால் தொடரலாம் என்று முடிவாயிற்று. மைதானம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. அன்றிரவே இரண்டு கெண்டைக்காலும் நோகத் தொடங்கின.

மூன்றாம் நாள் காய்ச்சலைவிடக் கால் நோதான் பெரிதாக இருந்தது. சேற்றில் ஓடினால் கால் பிடிக்காதா என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். தாயார் நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட, தொட்ட இடமெல்லாம் கத்தினாராம். மருந்துக்கடையில் கால் பிடிப்பு என்று சொல்லி டைக்ளோபினாக் என்ற நோ மாத்திரை வாங்கிவந்தார். காய்ச்சல் என்று அங்கே சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நான்காம் நாள் அந்த மாத்திரையின் துணையோடு மைதானத்தில் இறங்கினார். முதற்பாதி முடிவதற்குள் நெஞ்சு படபடத்து, பக்கக்கோட்டருகே குந்தியிருந்து வாந்தி எடுத்தார். வெளியே அழைத்துவந்தார்கள். ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: தண்ட உதையில் வென்றார்கள். அதனால் அரையிறுதிக்கு அவர் தேவை என்ற பேச்சு அன்றிரவே தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் சிறுநீர் குறைந்து, கடும் நிறமாகப் போயிருக்கிறது. அதைப் பார்த்தபின் தாயார் யாரையும் கேட்கவில்லை. முச்சக்கரவண்டி பிடித்து அழைத்துவந்துவிட்டார்.

பரிசோதனை

உடல் வெப்பம் 37.6 பாகை செல்சியஸ். பெரிய காய்ச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் நாடி நிமிடத்துக்கு 118. பயிற்சி பெற்ற இதயம் ஓய்வில் 60-ஐ ஒட்டி அடிக்க வேண்டும். காய்ச்சல் ஒரு பாகை ஏறினால் நாடி சுமார் பத்துத் துடிப்புக் கூடும். இவருக்கு இருந்த வெப்பத்தை வைத்து இந்த 118-ஐ விளக்க முடியாது. இரத்த அழுத்தம் 96/60. காய்ச்சல்மானி தணிந்திருக்கும்போது நாடி தணியாமல் இருந்தால், எனக்குக் காய்ச்சல்மானி மீது நம்பிக்கை போய்விடும்.

கண்கள் சிவந்திருந்தன. பீளை இல்லை, அரிப்பு இல்லை, கண்ணீர் வடிதல் இல்லை. வெள்ளை விழி முழுவதும் ஒரே சீராக இரத்தம் ஏறியிருந்தது. தூக்கமில்லாததால் என்று தாயார் விளக்கம் சொன்னார்.

பிறகு கால். மேசையில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கெண்டைத்தசையை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினேன். காலை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். தொடையின் முன்புறத்தை அதே அளவு அழுத்தியபோது முகம் சற்றுச் சுளித்ததோடு சரி. ஓடியதால் வரும் தசைநோ இப்படி இருக்காது. சேற்றில் ஓடிய நடுக்கள வீரருக்குத் தொடையும் சேர்ந்தே நோக வேண்டும். அந்த நோ ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்ப் பின் இறங்கும். அழுத்திப் பிடித்துவிட்டால் இதமாகவும் இருக்கும். இவருக்கோ எண்ணெய் தேய்த்த கையைத் தட்டிவிடும் அளவுக்கு நோ, அதுவும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று. எலிக்காய்ச்சல் கெண்டைத்தசையைத் தேடிப் பிடிக்கும் நோய். மற்றவர்களிடம் அந்த அறிகுறி பளிச்சென்று தெரியும். விளையாட்டு வீரரிடம் மட்டும் அதற்கு ஒரு மாற்றுவிளக்கம் தயாராகக் காத்திருக்கும். அறிகுறி ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 14,200, அவற்றில் 88 சதவீதம் பற்றீரியாத் தொற்றில் கூடும் நியூட்ரோபில் வகை. குருதிச் சிறுதட்டுகள் 92,000. சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின், அவர் வயதுக்கு இருக்க வேண்டிய அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. டெங்கிலும் சிறுதட்டுகள் குறையும். ஆனால் அங்கே வெள்ளணுக்களும் சேர்ந்து குறைவதே வழக்கம். இங்கே ஏறியிருந்தன. ஈ.சி.ஜி.யில் சில அலைகள் தலைகீழாகத் திரும்பியிருந்தன. அதைப் பார்த்தபின் மேலும் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. கடிதம் எழுதி உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினேன்.

விடுதியில் நாளத்தின் வழியே பெனிசிலின் தொடங்கினார்கள். எலிக்காய்ச்சலுக்கான எதிர்பொருள் இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஐந்து நாளாவது வேண்டும். ஆகவே பரிசோதனை முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடும் நோய் இதுவன்று. சந்தேகம் வலுவாக இருந்தால் சிகிச்சை முதலில், உறுதிப்பாடு பிறகு. இரண்டாவது மாதிரி அனுப்பியபின் உறுதிப்பாடும் வந்தது. இதயத்தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் ஏறியிருந்தது. எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலைப் படத்தில், இடது இதயவறை தன்னுள் நிறைந்த இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேற்றியது 45 சதவீதம். 55-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். இதயத்தசை அழற்சி. சிறுநீரகம் சில நாட்களில் மீண்டது. இரத்தச் சுத்திகரிப்பு வரை போகவில்லை. இரண்டாம் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கழுத்து விதி எதற்காக வந்தது

'கழுத்துக்கு மேலே என்றால் ஓடு, கீழே என்றால் படு' என்பது 1990-களில் அமெரிக்க விளையாட்டு மருத்துவத்தில் பரவிய எளிய விதி. மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் இருந்தால் மிதமான பயிற்சி செய்யலாம். நெஞ்சு இருமல், உடல்நோ, வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் இருந்தால் ஓய்வு. இதற்கு ஓரளவு சான்றும் உண்டு. போல் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் வைட்னர் குழுவினர் மாணவர்களுக்குத் தடிமனை உண்டாக்கும் ரைனோ வைரஸை வேண்டுமென்றே தொற்றவைத்து, ஒரு பிரிவினரை ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் மிதமாகப் பயிற்சி செய்யவைத்தார்கள். 1998-இல் வெளியான முடிவுப்படி, பயிற்சி செய்தவர்களுக்குத் தடிமன் கூடவும் இல்லை, நீளவும் இல்லை.

நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் இருந்தவர்கள் ஆரோக்கியமான இளம் மாணவர்கள். தொற்றவைத்த கிருமி என்னவென்று ஆய்வாளர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ரைனோ வைரஸ் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுகொள்ளும் பிராணி. கிருமி எதுவென்றே தெரியாத நம் ஊர் மைதானத்தில் இந்த விதியைப் பிடித்துக்கொண்டால், தலையிடிகூடக் கழுத்துக்கு மேலே என்று கணக்காகிவிடும். டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டுமே தலையிடியோடு தொடங்குபவை.

பயிற்றுநருக்கு விதியின் முதற்பாதிதான் தெரிந்திருந்தது என்று குறை சொல்லலாம். காய்ச்சல் இருந்தால் ஓய்வு என்று அதே விதி சொல்கிறதே! உண்மைதான். ஆனால் 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று வீரர் சொன்னார். பனடோல் இறக்கிய காய்ச்சலை விட்டுப்போன காய்ச்சலாக எண்ணுவது நம்மிடையே மிகச் சாதாரணம்; படித்தவர்கள் வீட்டிலும் பார்க்கிறேன். மருந்து போடாமல் ஒரு முழு நாளாவது வெப்பம் ஏறாதிருந்தால் மட்டுமே காய்ச்சல் விட்டது என்று பேசத் தொடங்கலாம்.

தடிமனைப் பொறுத்தவரை விதி இங்கும் செல்லும். அதே வாரத்தில் அதே அணியின் கோல்காப்பாளர் மூக்கைச் சிந்திக்கொண்டே பயிற்சிக்கு வந்தார். காய்ச்சல் இல்லை, உடல்நோ இல்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே தண்ணீர்ப் போத்தலை எல்லோரும் வாயில் வைத்துக் குடித்ததால் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தடிமன் போயிருக்கலாம். அது வேறு கதை.

ஓடினால் என்னதான் ஆகும்

காய்ச்சலில் உடம்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இதயம் கூடுதலாக அடிக்கிறது, நீர் வற்றுகிறது, தசைப்புரதம் கரைகிறது. அதன்மேல் பயிற்சியை ஏற்றினால் வெப்பம் வெளியேறவும் வழி குறையும். மழை பெய்து ஈரம் நிற்கும் மாலையில் வியர்வை சுலபமாகக் காயாது. ஆனால் உண்மையான பயம் இதயத்தசை பற்றியது. 1970-இல் வெளியான ஓர் ஆய்வில் கொக்ஸாக்கி பி3 வைரஸ் தொற்றிய எலிகளை நீந்தவிட்டார்கள். நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியது. நீந்தாதவற்றைவிட மிக அதிகமானவை செத்தன. மனிதரிடம் அப்படியொரு சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இதயத்தசை அழற்சி உள்ளவர்கள் கடுமையாக ஓடும்போது இதயத்துடிப்புச் சீர்குலைந்து திடீரென இறப்பது மருத்துவத்தில் நன்கு அறிந்த ஆபத்து. கொக்ஸாக்கி போன்ற வைரஸ்களும் டெங்கும் எலிக்காய்ச்சலும் இதயத்தசையைத் தொடக்கூடியவை.

இவருடைய இதயம் தளர்ந்ததற்குப் பயிற்சியும் காலிறுதியும்தான் காரணமா என்று தாயார் கேட்டார். அதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. படுத்தே இருந்தவர்களுக்கும் எலிக்காய்ச்சலில் இதயம் தாக்கப்படுவதுண்டு. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை என் கருத்துச் சற்று உறுதியானது. வாந்தியும் வியர்வையும் நீரை வற்றவைத்திருக்க, சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடிய டைக்ளோபினாக்கை அதன்மேல் போட்டது நல்லது செய்திருக்காது. அது டெங்காக இருந்திருந்தால் இரத்தக்கசிவுக்கும் அதே மாத்திரை வழிவிட்டிருக்கும். மாரியில் காய்ச்சலோடு நோ என்றால் பனடோலோடு நின்றுகொள்ள வேண்டும். டைக்ளோபினாக், இபுபுரூபன், அஸ்பிரின் எதுவும் தொடக்கூடாது.

பயிற்சி செய்த இன்னொரு தீங்கு, நோய்க்கு முகமூடி மாட்டிவிட்டது. ஓடாமல் படுத்திருந்தால் மூன்றாம் நாள் பெரிதான கெண்டைக்கால் நோவுக்கு விளக்கமே இருந்திருக்காது. ஓடாத காலுக்கு ஏன் நோ என்று அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள். காய்ச்சலின் முதல் நாட்களில் ஓய்வெடுக்கச் சொல்வதற்கு இதையும் ஒரு காரணமாக நான் எண்ணுகிறேன். பாடநூல்களில் இதை அவ்வளவாக எழுதுவதில்லை.

டெங்கை ஏன் முதலில் நினைத்தோம்

டிசம்பர், ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றதும் டெங்கு நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. 2017-இல் இலங்கை முழுவதும் 1,86,101 பேர் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் சிறுதட்டு எண்ணிக்கை வாயில் வரும். ஆனால் டெங்கின் பொறி எங்கே இருக்கிறது என்பது பலருக்குப் புரிவதில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, மூன்றாம் நாளுக்குப் பின் அது விடும்போதுதான் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணிநேரம்தான் கண்டம். காய்ச்சல் விட்டது, பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று வீடு நிம்மதியடையும் அந்த நேரத்தில், மைதானம் வேண்டாம், மாடிப்படியும் வேண்டாம். வயிற்றுநோ, விடாத வாந்தி, தலைச்சுற்று, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். இளநீர், கஞ்சி, ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் நல்லவை. சிவப்பும் மண்ணிறமுமான பானங்களை மட்டும் தவிர்க்கச் சொல்வோம், வாந்தியில் இரத்தமா என்று பின்னர் குழம்பாமலிருக்க.

எலிக்காய்ச்சலை இங்கே அவ்வளவு எளிதில் நினைப்பதில்லை. அது இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து நோய் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். 2024 டிசம்பரில் பெருவெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில், குறிப்பாக வடமராட்சிப் பக்கத்தில், காய்ச்சலால் உயிரிழப்புகள் நேர்ந்தன. முதலில் இனந்தெரியாத காய்ச்சல் என்று பேச்சு அடிபட்டது. பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. அதன்பின் 'தண்ணீரில் இறங்கினீர்களா' என்ற கேள்வி மருத்துவ அறைகளில் கட்டாயமாகிவிட்டது. இந்த இளைஞரிடம் நான் அதைக் கேட்டதற்கும் அதுவே காரணம்.

அம்மம்மா

இவர் வைத்தியசாலையிலிருந்து வந்தபின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளறைக் கட்டிலில் அம்மம்மா படுத்திருந்தார். 74 வயது. நவம்பர் தொடக்கத்தில் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் வந்து, மாத்திரை எடுத்து, ஒரு வாரத்துக்குள் குணமாகியிருந்தார். குணமானபின் ஏன் படுக்கை என்று கேட்டேன். "வயதுபோன மனுசி, டொக்டர். எழும்பினால் விழுந்துவிடுவார் என்று பயம்" என்றார் மகள். சாப்பாடு கட்டிலுக்கே வந்தது. கழுவுவதும் துடைப்பதும் அங்கேயே. மாரிக்கு முன்பு கிணற்றடிக்குப் போய்த் தானே குளித்து, கோயிலுக்கும் நடந்துபோய் வந்தவர், இப்போது கட்டில் விளிம்பில் உட்காரவைத்தால் தொடை நடுங்கினார்.

படுக்கை என்ன செய்யும் என்பதற்குச் சான்று தாராளமாக உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் 20 வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி அளந்தபோது, வயது குறைத்திருந்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம். முதியவர்களிடம் இழப்பு இன்னும் விரைவு. 2007-இல் வெளியான ஆய்வில், நோயே இல்லாத முதியவர்கள் பத்து நாள் படுத்ததில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். அம்மம்மா நோயோடு படுத்தவர், பத்து நாளுக்கு மேல் படுத்தவர்.

அவருக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரு கதிரையைச் சுவரோரம் வைத்து, சாப்பாட்டு வேளைகளில் அதில்தான் உட்கார வேண்டும் என்றேன். உட்கார்ந்தவர் ஒவ்வொரு வேளையும் ஐந்து தரம் எழுந்து உட்கார வேண்டும். முதலில் கையூன்றி, பிறகு ஊன்றாமல். முட்டையும் மீனும் பத்தியத்தின் பேரில் நிறுத்தப்பட்டிருந்தன. தசை வளர அவை வேண்டும் என்று சொல்லித் திரும்பச் சேர்த்தோம். குசினிவரை நடை, பிறகு முற்றம், பிறகு கிணற்றடி. தைப்பொங்கலுக்குப் பொங்கற்பானையருகே அவரே வந்து உட்கார்ந்தார் என்று மகள் சொன்னார்.

இந்த வீடு நோயைப் பார்க்கவில்லை, வயதைப் பார்த்தது. இளந்தாரிக்கு ஒன்றும் ஆகாது, கிழவிக்கு எல்லாம் ஆகும் என்பதே கணக்கு. ஓய்வு வேண்டியவர் சேற்றில் ஓடினார். நடக்க வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். இந்தக் கணக்கை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டும் இவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது இங்கேதான்.

மைதானத்துக்குத் திரும்புதல்

வைத்தியசாலை வாசலைத் தாண்டியதும் சண்டை தொடங்கியது. கழகத்துக்கு அவர் மாசியில் வேண்டும். தாயாருக்கு அவர் இனிப் பந்தையே தொடக்கூடாது. இரண்டுக்கும் மருத்துவத்தில் இடமில்லை. இதயத்தசை அழற்சிக்குப்பின் போட்டி விளையாட்டிலிருந்து 3 முதல் 6 மாதம் விலகியிருப்பது நெடுநாள் நடைமுறை. அதன்பின் எக்கோ, 24 மணிநேர ஈ.சி.ஜி., ஓடுபட்டைச் சோதனை மூன்றும் சரியாக இருந்தால் படிப்படியாகத் திரும்பலாம்.

அந்த மாதங்களில் முழுப் படுக்கை வேண்டாம் என்றேன், அம்மம்மாவைக் காட்டியே சொன்னேன். வீட்டுக்குள் நடமாட்டம், பிறகு பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடை. மூச்சு வாங்கிப் பேச்சுத் தடைப்பட்டால் வேகம் அதிகம். காலையில் எழும்பியதும், கட்டிலை விட்டு இறங்குமுன் நாடியைப் பிடித்து எழுதிவைக்கச் சொன்னேன். கொப்பியில் முதற்பக்கம் முழுவதும் எண்பதுகளில் இருந்தது; பங்குனிக்குள் அறுபதுகளுக்கு இறங்கியது. பாரம் தூக்குவது, வேகமாக ஓடுவது, மாமாவின் வயலில் மண்வெட்டி பிடிப்பது எல்லாம் தடை. கடை வேலைக்கு மட்டும் முதலாளியிடம் பேசி, சீமெந்துப் பை தூக்காமல் கணக்குப் பக்கம் மாற்றிவிட்டோம். போட்டியில் ஓடாதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு அவர் என்ன தூக்குகிறார் என்று கேட்காமல் விட்டால் அந்தக் கடிதத்துக்குப் பொருள் இல்லை.

நான்காம் மாதச் சோதனைகள் மூன்றும் வழமைக்குத் திரும்பியிருந்தன. மேலும் ஆறு வாரம் தனியாக மெல்லோட்டம், பிறகு முட்டிமோதாத பயிற்சி, பிறகு அணியோடு. இப்போது விளையாடுகிறார், இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்குவதே அதிகம். அது இதயத்தால் அல்ல, அவர் இல்லாத மாதங்களில் அந்த இடத்துக்கு வேறொருவர் நன்றாகப் பழகிவிட்டதால்.

சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு இவ்வளவு நீண்ட விலகல் தேவையில்லை. மருந்தின்றி ஒரு நாள் காய்ச்சலற்று இருந்து, சாப்பாடு பிடித்து, விடிகாலை நாடி வழக்கமான அளவுக்கு வந்தபின், எத்தனை நாள் படுத்தாரோ ஏறக்குறைய அத்தனை நாள் எடுத்துப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் போதும். டெங்கு என்றால் சிறுதட்டுகள் வழமைக்கு வரும்வரை உதைபந்தாட்டம் போன்ற முட்டிமோதும் விளையாட்டுகள் வேண்டாம். களைப்புச் சில வாரங்கள் நின்று போவதும் உண்டு. நெஞ்சுநோ, ஓடும்போது மயக்கம், முன்பு இல்லாத படபடப்பு இவற்றில் ஒன்று வந்தால் எந்தக் காய்ச்சலுக்குப் பின் என்றாலும் ஈ.சி.ஜி. பார்க்காமல் மைதானத்தில் இறங்கக்கூடாது.

பயிற்றுநர் தம் கேள்விகளை மாற்றிக்கொண்டார். மாரியில் யாராவது உடம்பு சரியில்லை என்றால், இருமலைப் பற்றிக் கேட்குமுன் காய்ச்சல் அடித்ததா, கடைசி மாத்திரை எப்போது, வெள்ளத்திலோ வயலிலோ இறங்கினாயா என்று கேட்கிறார். கழகப் பையில் ஒரு காய்ச்சல்மானி இருக்கிறது. மாமாவும் மருமகனும் அடுத்த காலபோகத்துக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய், வயலில் இறங்குபவர்களுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாங்கி, வாரத்துக்கு 200 மில்லிகிராம் வீதம் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துவருகிறார்கள். நீண்ட இறப்பர் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தாயிற்று. அதைத்தான் இருவரும் போடுவதில்லை, சேற்றில் புதைந்துவிடுகிறதாம்.